இடப்பக்கம் ஒருக்களித்து

எட்டாம் மாதத் தொடக்கத்தில் மருத்துவர் எழுதித் தந்த மாத்திரைகள் அனைத்தும் எதிர்க்கடையிலேயே கிடைத்தன. எழுதாமல் வாயால் சொன்ன ஒன்றுதான் எங்கும் கிடைக்கவில்லை.

"தூங்கணும்மா. ராத்திரித் தூக்கம் மட்டும் போதாது. மதியம் சாப்பிட்டதும் இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுத்து நல்லாத் தூங்குங்க. அடுத்த வாரம் வாங்க. பிரஷர் இப்படியே ஏறிட்டிருந்தா அட்மிஷன் போட்டுடலாம். தேவைப்பட்டா முன்னாடியே எடுக்கிற மாதிரி இருக்கும்."

அவர் எடுப்பதாகச் சொன்னது குழந்தையை. கிருஷ்ணகிரியிலிருந்து குந்தாரப்பள்ளி நோக்கிப் போகும் ஷேர் ஆட்டோவில் திரும்பி வரும்போது வழியெல்லாம் அந்த ஒரு சொல்லையே நினைத்துக்கொண்டிருந்தேன். முழு வளர்ச்சி அடையாத ஒரு பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்குள் கிடப்பதா, என் வயிற்றுக்குள்ளேயே இன்னும் சில வாரம் இருப்பதா என்பதை, நான் அந்த வாரம் உறங்குகிற உறக்கம் தீர்மானிக்கப் போகிறது. இப்படிப்பட்ட பொறுப்போடு ஒருத்தியை அனுப்பி, போய் நிம்மதியாகத் தூங்கு என்றால், அவளுக்கு எப்படித் தூக்கம் வரும்?

அம்மா வீட்டுக்குப் போக வழியில்லை. தேனிவரை பயணம் கூடாதென்று மருத்துவர் தடுத்திருந்தார். அப்பாவுக்கு அறுவை சிகிச்சை முடிந்திருந்ததால் அம்மாவாலும் வர முடியவில்லை. ஆகவே, இருந்த வீட்டிலேயே உறக்கத்துக்கு இடம் தேட வேண்டியிருந்தது.

அந்த வீடு, மாந்தோப்பின் ஒரு மூலையில் வரிசையாகக் கட்டிய மூன்று வாடகை வீடுகளில் நடுவில் இருந்தது. ஓர் அறை, ஒரு சமையலறை, பின்பக்கம் எல்லோருக்கும் பொதுவான குளியலறை. என் கணவர் போச்சம்பள்ளித் தொழிற்பேட்டையில் ஓர் ஆலையில் தகடு அழுத்தும் பிரஸ் இயந்திரத்தில் வேலை செய்கிறார். அவருடைய ஆலையில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஷிப்ட் மாறும். நான் உறங்கியே தீர வேண்டிய அந்த நாட்களில் அவருக்கு இரவு ஷிப்ட். காலையில் வந்து குளித்துச் சாப்பிட்டுப் படுத்தால் மாலைவரை அந்த ஒற்றைக் கட்டில் அவருக்கு உரியது.

பக்கத்தில் எனக்கும் இடமிருந்தது. ஆனால் அந்த வயிற்றோடு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் திரும்புவது சிறிய காரியமல்ல. முதலில் கையூன்ற வேண்டும், பிறகு இடுப்பை நகர்த்த வேண்டும், பிறகு வயிற்றைத் தூக்கி வைக்க வேண்டும். கட்டில் முனகும். அவர் கண் திறந்து, "என்னம்மா, வலிக்குதா?" என்பார். இல்லை என்பேன். அவர் மறுபடி உறங்குவதற்குள் எனக்கு வேறொரு கவலை வந்துவிடும். உறக்கம் குறைந்த மனிதன் இரவில் பிரஸ் இயந்திரத்துக்குள் கையை விடுகிறான். நான் திரும்பிப் படுத்ததற்கு விலையாக இவருடைய விரல் போகலாம். நடக்கக்கூடியதை எல்லாம் முன்கூட்டியே எண்ணிப் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. சமூகப்பணி படித்ததால் வந்ததா, வந்ததால் படித்தேனா தெரியாது. எப்படியோ, விரலை நினைத்த பிறகு என்னால் அந்தக் கட்டிலில் அசைய முடியவில்லை. அசையாமல் படுத்திருந்தால் கால் மரத்தது. சமையலறையில் சிலிண்டருக்கும் அரிசி டின்னுக்கும் நடுவே பாயை விரித்தேன்.

அங்கே கண் அசந்த முதல் நாள் கதவு தட்டப்பட்டது. வீட்டுச் சொந்தக்காரர். நாற்பத்தைந்து வயதிருக்கும், தோப்பின் மறுபக்கம் அவர்கள் வீடு. வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், பால்காரரிடம் கன்னடம். நாங்கள் அக்கா என்று கூப்பிடுவோம்.

"என்னாம்மா, பகல்லயே படுத்துனு இருக்கியா? எந்திரி எந்திரி. பகல்ல தூங்குனா ஒடம்புல நீர் ஏறும். பிரசவம் கஷ்டமாயிடும்."

"டாக்டர்தான்க்கா தூங்கச் சொன்னாங்க."

"டாக்டரு ஏசி ரூம்ல உக்காந்துனு ஆயிரம் சொல்வாங்க. பெக்கப் போறது நீயா அவங்களா? வா, இந்த அவரக்காய ஆஞ்சு குடு. பொழுது போவும்."

அவரைக்காய் ஆய்ந்துகொடுத்தேன். மறுநாளும் வந்தார், பச்சை மிளகாயோடு. அன்பைக் கதவடைத்து வெளியே நிறுத்த எனக்குத் தெரியவில்லை. வாசலில் நின்று அவர் என் பாதங்களைத்தான் முதலில் பார்ப்பார். அதை அப்போது நான் கவனித்தேன், காரணம் கேட்கவில்லை.

அவர் வராத நாளில் ஹாரன் வந்தது.

எங்கள் வலப்பக்க வீட்டில் நான்கு பெண்கள் தங்கியிருந்தார்கள். தென்காசி, சிவகங்கைப் பக்கத்துப் பிள்ளைகள்; போச்சம்பள்ளியில் வேறோர் ஆலையில் ஒரே பிரிவில் வேலை. அவர்களுக்கு வாரம் ஒரு ஷிப்ட். அந்த வாரம் இரண்டாம் ஷிப்ட். காலையில் தாமதமாக எழுந்து, சமைத்துச் சாப்பிட்டு, சீருடையும் போட்டுக்கொண்டு மறுபடி படுத்துவிடுவார்கள். கம்பெனிப் பேருந்து முந்தைய நிறுத்தத்தில் அடிக்கிற ஹாரன்தான் அவர்களுக்கு எழுப்பு மணி. அதைக் கேட்டு எழுந்து, தலையை வாரிக்கொண்டே ஓடி, பேருந்து எங்கள் முனைக்கு வந்து இரண்டாம் முறை ஹாரன் அடிக்கும்போது ஏறிவிடுவார்கள். நால்வரில் யாராவது குறைந்தால் ஓட்டுநர் விடாமல் அடித்துக்கொண்டிருப்பார். சரியாக நான் சாப்பிட்டுக் கண்ணயரும் நேரம் அது. ஒருமுறை கலைந்த உறக்கம் எனக்கு மறுபடி வருவதில்லை.

ஆலை நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் போட்டால் ஹாரன் நின்றுவிடும். மனத்துக்குள் பாதிக் கடிதம் எழுதியும் விட்டேன். பிறகு அதன் மறுபக்கத்தை யோசித்தேன். ஹாரன் நின்றால் பேருந்து தவறும். பேருந்து தவறினால் வருகை குறையும். ஒப்பந்தத்தில் இருக்கிற பெண்ணுக்கு வருகை குறைந்தால் வேலையே போகலாம் என்பது எனக்குத் தெரியும். அத்தகைய பெண்களோடு பேசுவதுதான் என் வேலையாக இருந்தது. கடிதத்தை விட்டுவிட்டு, முனையில் நின்று ஓட்டுநரிடமே கேட்டேன்.

"எனக்கு மட்டும் ஹாரன் அடிக்க ஆசையா மேடம்? இதுங்க நாலும் யூனிஃபார்ம் போட்டுனு தூங்குதுங்க. நான் அடிக்கலன்னா நாளைக்குக் காலைல வரைக்கும் தூங்கும்."

படியேறிக்கொண்டிருந்த தென்காசிப் பெண் திரும்பினாள். "ஏண்ணே, அக்கா முன்னால எங்க மானத்த வாங்குதீய? நாங்க அலாரம் வச்சு எந்திச்சுக்கிடுதோம். நீங்க ஹாரன் அடிக்காண்டாம், போதுமா?"

"எந்திரிச்சா எனக்கென்ன, பெட்ரோமாக்ஸ் வச்சுத் தேடற வேல மிச்சம்" என்று அவர் வண்டியை எடுத்தார்.

மறுநாள் ஹாரன் இல்லை. அதற்குப் பதிலாக நான்கு கைபேசிகள் ஒலித்தன. எங்கள் இரு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் தடிமனில் ஒரு சுவர். அதையொட்டித்தான் என் பாய். முதலில் ஒரு பக்திப் பாட்டு. அதை அணைத்ததும் ஒரு சேவல். பிறகு ஏதோ அதிரும் தாளம். கடைசியாக ஒரு கைக்குழந்தையின் சிரிப்பு. நான்கையும் அணைத்துவிட்டு நால்வரும் உறங்கிப்போனார்கள். சற்று நேரத்தில் நான்கும் மறுபடி அதே வரிசையில் எழுந்தன. சுவருக்கு அப்பாலிருந்து இல்லாத ஒரு குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. சுவரைத் தட்டி நான்தான் அவர்களை எழுப்பினேன்.

அன்றைக்கு ஓடும் அவசரத்திலும் தென்காசிப் பெண் என் வாசலுக்கு வந்தாள். சமையலறையில் விரித்திருந்த பாயைப் பார்த்தாள். அறைக்குள் குறட்டை விடும் கணவரைப் பார்த்தாள்.

"எக்கா, இங்கயா படுக்கிய? சிலிண்டர்ல தல முட்டாதா?"

"பழகிடுச்சு."

"என்னத்த பழகுச்சு. நாங்க போன பொறவு எங்க ரூம் ராத்திரி வர சும்மாதான கெடக்கு? ஹாரன் அடிக்கட்டும், நாங்க போயிருதோம், நீங்க வந்து படுங்க. ஜன்னல்ல அட்ட ஒட்டியிருக்கோம். உள்ள வந்தா ராத்திரியா பகலான்னு தெரியாது."

இவ்வளவு எளிய ஒன்று எனக்குத் தோன்றவே இல்லை. ஹாரனுக்கு முன்னால் உறங்கிவிட வேண்டும் என்றே போராடிக்கொண்டிருந்தேன். ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. கதவு உள்ளே தாழிட்டிருந்தால் வீட்டுக்கார அக்கா கவனிப்பார், தட்டுவார். வெளியில் பூட்டுத் தொங்கினால் மட்டுமே தட்டாமல் போவார். நானே சொன்னேன், என்னை உள்ளே வைத்து வெளியில் பூட்டிவிட்டுச் சாவியை என் கணவரிடம் கொடுத்துவிடுங்கள் என்று. எதையும் இருமுறை எண்ணிப் பார்க்கிற நான், அன்றைக்கு உறக்கத்தின் மீதிருந்த ஆசையில் ஒருமுறைகூட எண்ணவில்லை.

மறுநாள் ஹாரன் அடித்தது. நால்வரும் ஓடினார்கள். பூட்டு விழும் ஓசை கேட்டது. அறை உண்மையிலேயே இருட்டாக இருந்தது. தரையில் நான்கு மெத்தைகள். சுவரோரம் இருந்தது எனக்கென்று உதறிப்போட்டிருந்தார்கள். தேங்காய் எண்ணெயும் ஈரத் துண்டும் கலந்த மணம். இடப்பக்கம் ஒருக்களித்து, தலையணையை முழங்கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டேன். அமைதி வந்தது. அமைதிக்குள் கேள்விகள் வந்தன. இப்போது பனிக்குடம் உடைந்தால்? சாவி கணவரிடம். கணவர் உறக்கத்தில். கைபேசியை, உறங்கப்போகிறவளுக்கு எதற்கென்று வீட்டிலேயே விட்டு வந்திருந்தேன். கணவரிடம் சாவியைப் பற்றிச் சொன்னபோது தலையாட்டினார்; அது விழித்திருந்த தலையா, உறங்கிக்கொண்டிருந்த தலையா? இதயம் காதில் அடித்தது. பிள்ளையும் உதைத்தது. அழுத்தத்தைக் குறைக்க வந்த இடத்தில் அதை ஏற்றிக்கொண்டு கிடந்தேன்.

அப்போது எங்கள் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. நெடுநேரம் தட்டியபின் கணவர் திறந்தார்.

"எங்கய்யா அவ?"

"உள்ளதான்க்கா இருப்பா."

"உள்ள எங்க? கட்டிலுக்கு அடியிலயா? பாயும் இல்ல, ஆளும் இல்ல!"

அக்கா பின்பக்கம் ஓடுவது கேட்டது. குளியலறைக் கதவு படீரென்று திறந்தது. பிறகு, தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியின் இரும்பு மூடியை யாரோ இழுத்துத் தள்ளுகிற ஓசை. அந்த ஓசையைக் கேட்டதும் கையூன்றி எழுந்து உட்கார்ந்தேன். அவர் என்னைத் தண்ணீருக்குள் தேடிக்கொண்டிருந்தார்.

"அக்கா! இங்க இருக்கேன்! ஒண்ணுமில்ல, இங்கதான் இருக்கேன்!"

"எங்கேந்துடி கத்தறே?"

"பொண்ணுங்க ரூம்ல!"

"பூட்டி இருக்குதே!" பூட்டை ஆட்டினார். "யோவ், சாவி எங்கய்யா?"

கணவருக்குச் சாவி நினைவில்லை. அரைத்தூக்கத்தில் வாங்கிச் சட்டைப் பையில் போட்டிருக்கிறார். சட்டையைக் கழற்றி வாளியில் ஊறவைத்துவிட்டு மறுபடி படுத்திருக்கிறார். சோப்பு நுரை வழியும் சாவியோடு அவர் வந்து திறந்தபோது அக்கா அவரைத் தள்ளிவிட்டு உள்ளே வந்தார். என் முகத்தைப் பார்த்தார். பாதங்களைப் பார்த்தார்.

"யாரு பூட்டச் சொன்னது? அந்தப் பொண்ணுங்களா? வரட்டும் இன்னிக்கு."

"நான்தான்க்கா. நீங்க வந்து எழுப்பாம இருக்கணும்னு."

சொன்ன பிறகு, இன்னும் பதமாகச் சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. அக்கா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கணவர் என்ன செய்வதென்று தெரியாமல் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு மிடறு குடித்துவிட்டுத்தான் பேசினார்.

"என் நாத்தனாருக்கும் இதே எட்டு மாசம். காலு ரெண்டும் உன்ன மாதிரியே உப்பிக் கெடந்துச்சு. தல வலிக்குதுன்னு சொல்லிட்டு மத்தியானம் படுத்தா. நல்லாத் தூங்கட்டும், யாரும் எழுப்பாதீங்கன்னு நான்தான் கதவச் சாத்துனேன். தோப்புல மாங்கா எறக்கற வேல. சாயங்காலம் வந்து பாத்தா வலிப்பு வந்து நுரை தள்ளினு கெடக்கறா. அவ பொழச்சா. புள்ள இல்ல."

நான் எழுந்து வந்து அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"தூங்குனதாலதான் அப்படி ஆச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் அதையே சொல்லினு இருக்கேன். வேற என்னான்னு சொல்றது? நான் ஒன்ன எழுப்ப வரல. எந்திரிக்கிறியான்னு பாக்க வரேன்."

அதுவரை அவர் கொண்டுவந்த அவரைக்காயும் மிளகாயும் எனக்கு வேறாகத் தெரிந்தன. அது உறக்கத்தால் வந்ததல்ல என்று சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். சொன்னால், இத்தனை ஆண்டுகள் அவர் பற்றிக்கொண்டிருந்த ஒரு விளக்கத்தை நான் பறித்துவிடுவேன். உறக்கத்தைக் குறை சொல்ல முடியாவிட்டால் அவர் தன்னைக் குறை சொல்லிக்கொள்ளக்கூடும். சொல்லாவிட்டால், இனி இந்த வீடுகளுக்குக் குடிவரும் ஒவ்வொரு கர்ப்பிணியும் பகலில் எழுப்பப்படுவாள். இரண்டையும் நிறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னேன்.

"தூக்கத்தால இல்லக்கா. பிரஷர். எனக்கும் அதேதான் கொஞ்சம் ஏறியிருக்கு. அது கொறயத்தான் தூங்கச் சொல்லியிருக்காங்க. கதவச் சாத்துனதாலயும் இல்ல. தல வலிக்குதுன்னு சொன்னப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு அன்னிக்கு யாருக்கும் தெரியல, அவ்வளவுதான்."

அவர் நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. "அப்போ ஒனக்குத் தல வலிக்குதா?" என்று கேட்டார்.

"இல்ல."

"கண்ணு மங்குதா?"

"இல்லக்கா."

"வலிச்சா சொல்லுவியா? இப்படிப் பூட்டிக்கினு கெடப்பியா?"

"சொல்லுவேன்."

பூட்டு வேண்டாம் என்று முடிவாயிற்று. தாழ்ப்பாளும் வேண்டாம். கதவை ஒரு விரல் அளவு திறந்து வைப்பது. அவர் தட்டாமல் வந்து பார்ப்பது. நான் விழித்திருந்தால் கையைத் தூக்கிக் காட்டுவது. பெண்களும் அன்றிரவே அக்காவிடம் வாங்க வேண்டிய திட்டை வாங்கிக்கொண்டார்கள். "நல்ல வேள, அக்கா எங்க கழுத்த நெறிக்கல" என்றாள் தென்காசிப் பெண் மறுநாள். ஹாரன் மீண்டும் தன் பழைய உரிமையோடு அடித்தது.

காவலோடு உறங்குவது எளிதென்று நினைக்கக் கூடாது. முதல் நாள், அவர் எப்போது வருவார் என்று காத்தே படுத்திருந்தேன். கதவிடுக்கிலிருந்து தரையில் விழுந்த வெயில் கோடு திடீரென்று மறையும், கையைத் தூக்குவேன், கோடு திரும்ப வரும். அடுத்த நாள் நடுவில் சிறிது அயர்ந்தேன். அதற்கடுத்த நாள் விழித்தபோது வெயில் கோடு மெத்தையைத் தாண்டிச் சுவரில் ஏறியிருந்தது. வெளியே அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"வந்தீங்களாக்கா?"

"வந்தேன். கை தூக்கல நீ. பயந்துட்டேன். அப்புறம் வயிறு ஏறி எறங்கறத நின்னு பாத்துட்டுப் போயிட்டேன்."

பரிசோதனை நாளில் செவிலியர் பட்டையைச் சுற்றிக் காற்றடிக்கும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். மருத்துவர் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒப்பிட்டார். "எறங்கலை. ஆனா ஏறவும் இல்லை, நிக்குது. இப்போதைக்கு அட்மிஷன் வேண்டாம். இதையே தொடருங்க, அடுத்த வாரம் பார்ப்போம்" என்றார். ஒரு வாரம் கிடைத்திருக்கிறது; இன்னொரு வாரத்தை நான்தான் உறங்கிச் சம்பாதிக்க வேண்டும். அக்காவிடம் வந்து சொன்னேன். "நிக்குதுன்னா நல்லதா கெட்டதா?" என்று கேட்டார். நல்லது என்றேன். முழுக்க உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அடுத்த வாரம் பெண்களுக்கு முதல் ஷிப்ட் ஆயிற்று. விடியுமுன் போய் பிற்பகலில் திரும்புவார்கள். என் கணவருக்கு இன்னும் இரவு ஷிப்ட்தான். ஏற்பாடெல்லாம் குலைந்ததே என்று நான் கலங்கியபோது, "நாங்க வர்ற வர படுங்க. வந்தாலும் எழுப்ப மாட்டோம், நீங்க பாட்டுக்குத் தூங்குங்க" என்றாள் தென்காசிப் பெண். நாள் முழுதும் நின்று வேலை செய்து வருகிறவர்களின் மெத்தையை நான் அடைத்துக்கொண்டு கிடப்பது சரியா? அவர்கள் வருவதற்குள் எழுந்துவிட வேண்டும் என்று உறுதி செய்துகொண்டு படுத்தேன்.

எழவில்லை. எப்போது வந்தார்கள் என்று தெரியாது. கண் விழித்தபோது இருட்டில் என்னைச் சுற்றி மூச்சுகள் கேட்டன. மூன்று மெத்தைகளில் மூவர், சீருடையைக்கூட மாற்றாமல். என் மெத்தைக்கு உரியவள் என் கால்மாட்டில் வெறுந்தரையில், கைப்பையைத் தலைக்கு வைத்துச் சுருண்டிருந்தாள். ஒருத்தியின் கால் என் காலின்மேல் கிடந்தது. எனக்குச் சிறுநீர் முட்டிக்கொண்டு வந்தது. அந்த மாதத்தில் அது எப்போதும் முட்டும். எழ வேண்டுமானால் கையூன்ற வேண்டும், இடுப்பை நகர்த்த வேண்டும், அந்தக் காலைத் தூக்கி வைக்க வேண்டும். அவள் விழித்துவிடுவாள்.

கதவிடுக்கில் வெளிச்சம் மறைந்தது. அக்கா எட்டிப் பார்த்தார். ஐந்து பேரில் நான் எங்கே என்று தேடுவது தெரிந்தது. கையைத் தூக்கிக் காட்டினேன். இன்னும் சிறிது நேரம் தாங்கும் என்று தோன்றியதால், இடப்பக்கம் ஒருக்களித்தபடியே அசையாமல் கிடந்தேன்.